கயிற்றுக்கு வெளியே நின்ற கோல்கீப்பர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எமில் ரீசர் குதிரைச் சாணம் அள்ளுகிறார். முந்தின நாள் குதிரைப்படை மிதித்துவிட்டுப் போன மைதானத்தில்தான் பியெல்லா ஊர்க் கால்பந்துக் கழகம் ஆடியாக வேண்டும். கம்பளி ஆலையில் அவர் சாயப்பட்டறை மேஸ்திரி. ஏவினால் செய்ய ஆள் உண்டு. ஆனாலும் மண்வாரியை விடமாட்டார். "நீங்க அள்ளினா பாதிய விட்டுட்டுப் போயிருவீங்க. கீழ விழுந்து பொரள்றது நான்தானே?" என்பார்.

கழகம் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் கோல்கீப்பர். அந்த வாரம் எந்தச் சாயத்தில் நூலைத் தோய்த்தாரோ அந்த நிறம் முழங்கை வரை ஏறியிருக்கும். கோல் வாங்கினால் அன்றைக்கு மக்காச்சோளக் களியில் பாலாடைக்கட்டி போட்டுக்கொள்ள மாட்டார். மனைவி ஒத்தாவியா உள்ளூர்க்காரி. "அந்தக் கட்டி என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்று அலுத்துக்கொள்வாள்.

இந்த மனிதரைத்தான் அந்நியர் என்று தள்ளிவைத்தார்கள். தேசிய சாம்பியன் போட்டியில் கழகம் இறுதி ஆட்டத்துக்கு வந்த பிறகு போட்டியை நடத்தும் சங்கத்துக்காரர்களுக்குத் திடீர் ஞானோதயம்: வெளிநாட்டில் பிறந்தவர் ஆடக்கூடாதாம். எமில் பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம், சுவிட்சர்லாந்தில். மீசை முளைத்தது, கல்யாணம் ஆனது, தலை நரைத்தது எல்லாம் இங்கே. என்ன அக்கிரமம் இது! குளிர்காலம் முழுக்கச் சேற்றில் விழுந்து எழுந்தபோது எந்த நாடு என்று ஒருத்தரும் கேட்கவில்லையே.

அணித்தலைவன் தெல்மோ, ரொட்டிக்கடைக்காரன், கொதித்துப்போனான். "அண்ணே, உங்க எடத்துல எவனையும் நிறுத்த மாட்டோம். பத்துப் பேரா ஆடுறோம். கோல் காலியாவே கெடக்கட்டும்."

"கிறுக்குப் பயலே! கோப்பைய ஏண்டா தூக்கிக் குடுக்குற? எம்மேல பாசம்னா வீட்டுக்கு வந்து காட்டு. ஒருத்தன உள்ள நிறுத்து!"

அவர்கள் கேட்கவில்லை.

இறுதி ஆட்டத்தன்று எமில் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, காலிக் கோலுக்குப் பின்னால், பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றார். பக்கத்தில் ஒத்தாவியா. பத்துப் பேரும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரம் வரைக்கும் யாருக்கும் கோல் இல்லை. "எடது பக்கம் பார்றா! பின்னால வாடா!" என்று கத்திக் கத்தி எமிலுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அங்கே நின்ற சங்கத்து அதிகாரி வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டு, "வெளியாளுங்க கொஞ்சம் சத்தம் போடாம இருக்கணும்" என்றார்.

எமில் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து எதிரணிக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தான். பந்து எல்லாரையும் தாண்டி விழுந்து, காலிக் கோலை நோக்கிச் சாவகாசமாக உருண்டு வந்தது. தெல்மோ துரத்தினான், எட்டவில்லை.

"வேண்டாங்க!" என்று ஒத்தாவியா சட்டையைப் பிடித்தாள். அவள் கையில் ஒரு பொத்தான்தான் மிஞ்சியது. எமில் கயிற்றுக்கு அடியில் புகுந்து பாய்ந்து, கோல் எல்லைக்கு முன்னாலேயே பந்தை வாரிக்கொண்டு சேற்றில் விழுந்தார். நடுவர் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார்.

"வெளியாள் தொட்டாச்சு! கோப்பை எதிரணிக்கு!" அதிகாரி கத்தினார். "பந்தக் குடுய்யா!"

எமில் முழங்காலை இன்னும் மடக்கி, பந்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார்.