மொக்கையன் காட்டிய கோயில்

மூணாறு மலையில் டோலி தூக்கியவர்கள் பலர். அவர்களில் வாயைத் திறந்தவர் மொக்கையன் ஒருவர்தான். அவருக்கு வந்த பெருமை, தொல்லை இரண்டுமே அந்த வாயால் வந்தவை.

போடி அடிவாரத்தில் பிறந்தவர் அவர். கல்யாணமான கையோடு மனைவி குருவம்மாளைக் கூட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்கு மலையேறினார். குருவம்மாளைக் கொழுந்து பறிக்க அனுப்பினார்கள். மொக்கையனின் தோள் அகலத்தைப் பார்த்த கங்காணி அவரை டோலிக்கு ஒதுக்கினார். லீவு நாட்களில் துரைமார்களும் அவர்கள் விருந்தாளிகளும் மறையூர்ப் பக்கம் இறங்கிப் பழங்காலச் சின்னங்களைப் பார்த்து வருவது அப்போது வழக்கம். நம் பழம்பெருமை மீது அவர்களுக்கு அபார மரியாதை இருந்தது. நடந்து போய்ப் பார்க்கும் அளவுக்கு மட்டும் இல்லை.

ஒருநாள் மறையூர்ப் பாறை மேல் டோலியை இறக்கி வைத்தார்கள். நாலு பக்கமும் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிய முனியறைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. இவை என்ன என்று துரை தன் பட்லர் சூசையப்பனைக் கேட்டார். சூசையப்பனுக்கு ஆட்டுத் தொடையை எப்படி வாட்டுவது என்று தெரியும். கல்லைப் பற்றித் தெரியாது. அவர் டோலிக்காரர்கள் பக்கம் திரும்பினார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மொக்கையன் மட்டும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "பஞ்ச பாண்டவங்க குடியிருந்த வீடு" என்றார்.

"இவ்வளவு சின்ன வீட்டில் அஞ்சு பேர் எப்படி இருந்தாங்கன்னு துரை கேக்கிறார்" என்றார் சூசையப்பன்.

"குனிஞ்சு இருந்தாங்க."

துரைக்குப் பரம திருப்தி. அன்று முதல் மொக்கையனின் தோளுக்கு விடுதலை கிடைத்தது. டோலிக்கு முன்னால் கையை வீசிக்கொண்டு நடப்பதே அவருடைய உத்தியோகமாகிவிட்டது. காலையில் முனியறை, உச்சிப் பொழுதில் ஆற்றங்கரைச் சிவன் கோயில், வெயில் தாழ்ந்ததும் கரும்புத் தோட்டத்துச் சிலை. இதுதான் அவர் காட்டும் சுற்று.

இந்த மூன்றில் மொக்கையன் மிக அழகாக வர்ணித்தது சிவன் கோயிலின் உட்புறத்தை. அவர் அதைப் பார்த்ததே இல்லை. கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், அத்திமரத்தடியில் ஒரு தீண்டல் பலகை நட்டிருந்தது. அதைத் தாண்டி மொக்கையனின் சாதியார் போகக்கூடாது. கிறிஸ்து வேதக்காரர் என்பதால் சூசையப்பனும் போகக்கூடாது. அதே காரணத்துக்காகத் துரையும் போகக்கூடாது. ராஜ்ஜியங்களை ஆள்பவரையும் அவரைத் தோளில் சுமப்பவரையும் ஒன்றாகப் பாவித்தது அந்தச் சீமையிலேயே அந்தப் பலகை ஒன்றுதான்.

"உள்ளே என்ன இருக்கிறது?" என்று எல்லாத் துரைமாரும் கேட்டார்கள். முதல் தடவை, "லிங்கமும் விளக்கும் இருக்கு" என்றார் மொக்கையன். துரையோடு வந்த துரைசானியின் முகம் வாடிப்போயிற்று. பாவம், அவ்வளவு தூரம் டோலியின் ஆட்டம் தாங்கி வந்தவர். அடுத்த தடவை லிங்கம் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. அதற்கடுத்த தடவை அதன் நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு மாணிக்கம் ஒன்று முளைத்தது. மாணிக்கம் இருந்தால் காவலுக்கு நாகம் வேண்டாமா? அதுவும் வந்து சேர்ந்தது. கோயிலுக்குள் போகிறவர்களுக்கு மொக்கையனின் வர்ணனை தேவைப்படவில்லை. வர்ணனை தேவைப்பட்டவர்களால் உள்ளே போக முடியவில்லை. இதைவிட நிம்மதியான தொழில் வேறென்ன இருக்கிறது?

"அந்த மாணிக்கத்தை என்னைக்காவது எனக்கும் காட்டுய்யா" என்பாள் குருவம்மாள்.

"வாயால சொன்னா போதாதா ஒனக்கு?"

"துரைசானிக்குப் போதும். எனக்குப் போதாது."

கரும்புத் தோட்டத்துச் சிலையில் அவ்வளவு வேலை இல்லை. சம்மணமிட்டு உட்கார்ந்த உருவம், தலை இல்லை. தோட்டக்காரர் அதன் முழங்காலில் அரிவாள் தீட்டுவார். அதை ரிஷி என்று சொல்லி வந்தார் மொக்கையன். கோலார் தங்கச் சுரங்கத்திலிருந்து பெரியமுத்து என்பவர் வரும் வரைக்கும் அது ரிஷியாகவே இருந்தது. பெரியமுத்து பௌத்தராக மாறியவர். டோலி வேண்டாம் என்று நடந்தே வந்த முதல் ஆள். சிலையைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

"இவர் புத்தர். நம்ம முன்னோர் கும்பிட்ட சாமி" என்றார்.

மொக்கையன் தலையில்லாத அந்த உருவத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இவருக்கும் வெளிய நின்னுதான் கும்பிடணுமாய்யா?"

"இல்லை. இவர் கோயிலுக்குள்ளே எல்லாரும் போகலாம்."

"அந்தக் கோயில் எங்கன இருக்கு?"

"இப்போ இல்லை. இடிச்சிட்டாங்க."

"அதானே பாத்தேன்" என்றார் மொக்கையன். "நாம உள்ள போகலாங்கிற கோயிலெல்லாம் இல்லாத கோயிலாத்தான் இருக்கு."

பெரியமுத்து சிலையின் முழங்காலில் ஒட்டியிருந்த இரும்புத்தூளைத் துண்டால் துடைத்துவிட்டுப் புறப்பட்டார். அவர் போன பிறகு, இனிமேல் முழங்காலில் அரிவாள் தீட்ட வேண்டாம் என்று மொக்கையன் தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டார். தோட்டக்காரரும் பெரிய மனது பண்ணித் தோளில் தீட்டத் தொடங்கினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு துரைசானி மண்ணைப் போட்டாள். சீமைக்குத் திரும்பியவள், தான் கண்ட அதிசயங்களை இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் எழுதினாள். மாணிக்கத்தைப் பற்றி மட்டும் அரைப் பக்கம். அந்தப் பத்திரிகை எப்படியோ திருவனந்தபுரத்தில் மகாராஜாவின் சர்க்கார் கைக்கு வந்தது. கோயில் சொத்துக் கணக்கில் மாணிக்கம் இல்லை. வெள்ளைக்காரி அச்சில் எழுதியது பொய்யாக இருக்குமா? ஆகவே மாணிக்கத்தைக் கோயில் மானேஜர்தான் விழுங்கியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, விசாரிக்க ஓர் அதிகாரி குதிரையில் வந்து இறங்கினார்.

மானேஜர் தன் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். கர்ப்பக்கிருகத்தைக் கழுவித் துடைத்துக் காட்டினார். கடைசியில் செய்தியின் ஊற்று மொக்கையன் என்று தெரியவந்து, அவரைப் பிடித்து வந்தார்கள். சாட்சிக்காரர் பலகையைத் தாண்டக்கூடாது என்பதால் அதிகாரி தன் நாற்காலியோடு அத்திமரத்தடிக்கு வந்தார்.

"நீ அகத்தே போய்க் கண்டாயா?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

மொக்கையன் யோசித்தார். பார்த்தேன் என்றால் கோயிலைத் தீட்டாக்கிய குற்றம். பார்க்கவில்லை என்றால் பொய் சொன்ன குற்றம். இரண்டில் எதற்கு அடி குறைவு என்று தெரியவில்லை.

"போகலைங்க எசமான்."

"பின்னே எதற்குச் சொன்னாய்?"

"துரை கேட்டாருங்க. அவரும் உள்ள போகக்கூடாது, நானும் போகக்கூடாது. ரெண்டு பேர்ல ஒருத்தராவது சொன்னாத்தானே பேச்சு நடக்கும்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மானேஜர் சிரிக்கவில்லை. இவனுக்குத் தண்டனை கொடுக்காவிட்டால் என் மானம் என்னாவது என்று பிடிவாதம் பிடித்தார். அதிகாரி தாடையைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: மொக்கையன் இனி உயிருள்ளவரை இந்தக் கோயிலுக்குள் நுழையக்கூடாது.

"அது ஏற்கெனவே இருக்கே எசமான்" என்றார் மொக்கையன் பணிவாக.

"அது உன் சாதிக்கு. இது உனக்கு" என்று சொல்லிவிட்டு அதிகாரி குதிரை ஏறினார்.

சில வருஷம் கழித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில், இந்துவாகப் பிறந்த எவரும் சர்க்கார் கோயில்களுக்குள் போகலாம் என்று மகாராஜாவின் பிரகடனம் வந்தது. எத்தனையோ தலைமுறையாக இருந்து வந்த தீட்டு ஒரே காகிதத்தில் காலாவதியானது. பலகையைப் பிடுங்கினார்கள், அது மானேஜர் வீட்டு மாட்டுத் தொழுவத்துக்குக் கதவாகப் போயிற்று.

குருவம்மாள் தலை முழுகி, தேங்காய் பழத்தோடு புருஷனை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டாள். வாசலில் மானேஜர் குறுக்கே நின்றார்.

"நீ போகலாம். உன் புருஷன் போகக்கூடாது. அவனுக்குத் தனித் தீர்ப்பு இருக்கு."

மொக்கையன் திரும்பிவிடப் பார்த்தார். வெளியே நிற்பது அவருக்குக் கைவந்த கலை. குருவம்மாள் விடவில்லை.

"அந்தத் தீர்ப்பச் சொன்னது யாருங்க? மகாராசாவா?"

"அதிகாரி."

"உள்ள வரலாம்னு சொன்னது?"

மானேஜர் வாசலை விட்டு விலகினார். பின்னால் இன்னும் ஐம்பது பேர் நின்றிருந்ததும் அவருடைய ராஜவிசுவாசத்துக்குக் கொஞ்சம் உதவியாக இருந்தது.

உள்ளே ஒரே இருட்டு. வௌவால் நாற்றமும் எண்ணெய்ச் சிக்கும் கலந்து அடித்தன. கண் பழகியதும் லிங்கம் தெரிந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. பக்கத்தில் ஒரு பித்தளை விளக்கு எரிந்தது. துரைமாருக்குச் சொன்னதை எல்லாம் தேடுவதுபோல் மொக்கையனின் கண்கள் சுவரிலும் கூரையிலும் அலைந்தன.

"இதுக்கா புள்ள?" என்றார் மெல்ல. "இதப் பாத்துருவோம்னா நம்மள அம்புட்டுத் தூரத்துல நிறுத்துனாங்க?"

"இதுக்குத்தான்" என்றாள் குருவம்மாள். கற்பூரத்தட்டு வந்தது. ஒளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவர் கையையும் பிடித்துத் தட்டுப் பக்கம் நீட்டினாள்.

அடுத்த வாரம் ஒரு துரை வந்தார். அத்திமரத்தடியில் இப்போது அவரும் சூசையப்பனும் மட்டுமே நிற்க வேண்டியவர்கள். துரை ஆவலோடு மாணிக்கத்தைப் பற்றிக் கேட்டார்.

"இல்லைன்னு சொல்லுங்க" என்றார் மொக்கையன். "நானே போய்ப் பாத்தேன். சின்னக் கல்லு, ஒரு விளக்கு. அவ்வளவுதான்."

துரை அவரை உற்றுப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ முணுமுணுத்தார்.

"என்னங்கிறாரு?"

சூசையப்பன் தயங்கினார். "உள்ளே விட்டதுக்குப் பதிலா, மாணிக்கத்தை மறைக்கச் சொல்லி உன்னைக் கோயில்காரங்க சரிக்கட்டிட்டாங்களாம்."

மொக்கையன் கரும்புத் தோட்டத்தையும் பார்த்துவிடலாம் என்று டோலிக்காரர்களுக்குக் கையசைத்துவிட்டு முன்னால் நடந்தார். வழியெல்லாம் துரை திரும்பித் திரும்பிக் கோயிலையே பார்த்துக்கொண்டு வந்தார்.