மேரிக்கா லைனுக்கு வந்த பொண்ணு

ஆரோக்கியமேரிக்கு ஞாயித்துக்கிழமைன்னாலே பயம். மத்த ஆறு நாளும் ஆம்பூர் ஷூ கம்பெனியில கைத்தையல் லைனுக்கு சூப்பர்வைசர். அத்தனை பொம்பளைங்களைக் கட்டி மேய்க்கிறதுலயே பொழுது போய்டும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து கதவைத் தொறந்தா, வான்னு சொல்ல ஒரு குரல் கெடையாது. சீக்காளி அம்மாவைப் பார்த்துக்கணும்னு கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவ. அம்மாவும் போய்ட்டாங்க, கல்யாண வயசும் போய்ட்டுச்சு. ஒரே ஒரு ஆளுக்குன்னு கொழம்பு வெக்கிறது எவ்ளோ பேஜாருன்னு வெச்சுப் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்.

அதனாலதான் ஒரு டிரஸ்டுக்காரங்க கோயில்ல வந்து, "கிராமத்து ஸ்கூல் பொண்ணுங்க படிப்பை விட்டுடாம கூட நின்னு வழிகாட்ட ஆள் வேணும்"னு கேட்டப்ப, மொத ஆளா கையத் தூக்குனா. சேவை கீவைன்னு பெரிய வார்த்தையெல்லாம் வேணாம். அவளுக்குப் பேச ஆள் வேணும், அவ்ளோதான்.

ஆலங்காயத்துக்கு அந்தாண்ட, மலை அடிவாரத்துல இருந்துச்சு ஸ்கூல். ஞாயித்துக்கிழமை பன்னண்டாவது பொண்ணுங்களுக்குன்னு ஒரு ரூமைத் தொறந்து விடுவாங்க. "காலேஜ் போங்கடி, கண்ணுங்களா"ன்னு மேரி கொஞ்ச நேரம் சொல்லுவா. அப்புறம் எல்லாம் கம்பெனிக் கதைதான். வெளிநாட்டுக்காரங்க வந்தன்னைக்கு மேனேஜர் ஷபீ அஹமது ரெண்டு கால்லயும் வேற வேற ஷூ மாட்டிக்கினு நின்ன கதைக்கு, பொண்ணுங்க வயித்தைப் புடிச்சுக்கினு சிரிக்கும். இடுப்பு விட்டுப்போற கதையையும், பசை நாத்தத்துல தலை வெடிக்கிற கதையையும் அவ சொன்னதே இல்ல. அதைச் சொன்னா யாரு சிரிப்பாங்க?

அதுங்கள்ல பாக்யலட்சுமின்னு ஒருத்தி. அப்பா இல்ல. அவங்கம்மா கம்பெனியிலேர்ந்து ஷூவோட மேல்தோலை வாங்கியாந்து வீட்லயே தெச்சுக் குடுக்கிறவங்க. ஒருநாள் அவ, "வீட்டுக்குப் போனா உங்களுக்கு யாருக்கா இருப்பாங்க?"ன்னு கேட்டுட்டா. "டிவி இருக்குதே!"ன்னு மேரி சிரிச்சா. சிரிக்கும்போதே கண்ணு ரொம்பிடுச்சு. பொண்ணு அதைப் பார்த்துட்டா.

ரிசல்ட் வந்துச்சு. பாக்யாதான் ஸ்கூல் ஃபர்ஸ்ட். மேரி நாயா அலைஞ்சு வாணியம்பாடி காலேஜ்ல பி.காம் சீட்டுக்குச் சொல்லி வெச்சா. சேர்ற அன்னைக்கு லீவு போட்டுட்டு காலேஜ் கேட்டாண்ட மத்தியானம் வரைக்கும் நின்னா. பொண்ணு வரல. போனையும் எடுக்கல. உள்ள போய்க் கெஞ்சி, இன்னும் ரெண்டு நாள் டைம் வாங்கிக்கினு வந்தா.

மறுநாள் கம்பெனியில, வேலைக்கு வந்த புதுப் பொண்ணுங்களை டிரையலுக்குன்னு மேரி டேபிளுக்கு அனுப்புனாங்க. அதுல பாக்யா! தலை நெறைய மல்லிப்பூ.

"இன்னாடி இது?"

"பதினெட்டு முடிஞ்சிடுச்சுக்கா. உங்க லைன்தான் வேணும்னு கேட்டு வாங்கிக்கினேன். இனிமே நீங்க தனியா சாப்பிட வேணாம். நான் இருக்கேன்ல?"

பொய் சொல்லுவானேன், மேரிக்கு மொதல்ல கோவம் வரல. சந்தோஷம்தான் வந்துச்சு. மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்ணா டப்பாவைத் தொறக்கிற மாதிரி நெனச்சுகூடப் பார்த்துட்டா. அப்புறம்தான் ஒறைச்சுது. அடப்பாவி, இத்தினி நாளா நான் காட்டுன வழி இதுதானா?

"எழுந்திரு. நாளைக்கு வரைக்கும் டைம் வாங்கி வெச்சிருக்கேன். காலேஜுக்குப் போ."

"மாட்டேன்கா. நீங்க இங்க நல்லாத்தானே இருக்கீங்க? எனக்கு மட்டும் இன்னா?"

சொல்லிக்கினே டிரையல் தோலை எடுத்துத் தைக்க ஆரம்பிச்சுட்டா. அம்மா பக்கத்துல குந்திக்கினு கத்துக்கிட்ட கை. ஒரு தையல் கோணல. ஷபீ அஹமது வந்து எட்டிப் பார்த்தாரு. "சூப்பரா இருக்குதே. இன்னா மேரி, எடுத்துக்கலாமா?"

அந்த லைன்ல யாரைச் சேர்க்கணும், யாரை வேணாம்னு சொல்லணும்ங்கிறதுல மேரி பேச்சுதான் கடைசி. அவ இதுவரைக்கும் நல்ல தையலைக் கெட்டதுன்னு சொன்னதே இல்ல. தோலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தா.

"தையல் இழுக்குது சார். தேறாது."

அவரு தோலைப் பார்த்தாரு, மேரியைப் பார்த்தாரு. அடுத்த டேபிளுக்குப் போய்ட்டாரு.

பாக்யாவுக்கு மொகம் சுண்டிப்போச்சு. "நல்லாத்தானே தெச்சிருக்கேன்? நான் கூட இருக்கிறது உங்களுக்குப் புடிக்கலியாக்கா?"

ஆமான்னா ஒரேடியா போய்டுவா, இல்லைன்னா இங்கியே நின்னுடுவா.

"புடிக்கல. கெளம்பு."

மறுவாரம் ராத்திரி சமைக்கிற நேரத்துக்கு பாக்யாவோட அம்மா போன் பண்ணாங்க. "காலேஜுக்குப் போறாம்மா. ஆனா உங்க பேரை எடுத்தாலே எழுந்து வெளிய போய்டுறா. இன்னா ஆச்சு உங்க ரெண்டு பேருக்கும்?"

"ஒண்ணும் இல்லக்கா. போறா இல்ல? அது போதும். என் பேரை எடுக்காதீங்க."

போனை வெச்சுட்டு மேரி அழுதா. நல்லா சத்தமாவே அழுதா. கேக்கிறதுக்குத்தான் அங்க யாரும் இல்லியே.