குதிரைக்காரர் பொரித்த ஹூஷூர்

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் நான் கறிக்கடை வைத்திருந்தேன். பந்தயக் குதிரைகளைப் பராமரிக்கும் மங்கோலியர் ஒருவர் வாரம் ஒருநாள் வருவார். கல்கத்தா லாயங்களில் சில வருஷம் இருந்தவர். அங்கே கற்ற அரைகுறை இந்துஸ்தானியில் பேசுவார். செம்மறிக் கறிதான் வேண்டும், கொழுப்பை அரிந்து எறியக்கூடாது என்பார்.

அந்த வருஷம் என் மனைவிக்குத் தலைப்பிள்ளை மசக்கை. மசாலா வாசனை பட்டாலே குமட்டும். கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை. மூன்றாம் மாதத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். என் முகத்தைப் பார்த்து அவர் என்னவென்று விசாரித்தார். சொன்னேன். மசாலாவே சேராத பண்டம் ஒன்று தன் ஊரில் உண்டு, செய்து தரட்டுமா என்று கேட்டார்.

மறுநாள் மத்தியானம் எங்கள் கொல்லையில் அடுப்பு மூட்டினார். கறியைக் கத்தியால் பொடியாகக் கொத்தி, வெங்காயமும் உப்பும் மட்டும் சேர்த்தார். மைதாவை வட்டமாகத் தேய்த்து, நடுவில் கறி வைத்து, பாதியாக மடித்து ஓரத்தை அழுத்தி, ஆட்டுக் கொழுப்பிலேயே பொரித்தார். மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவருகே நின்றாள்.

ஹூஷூர் என்று பெயர் சொன்னார். சூட்டோடு உள்ளங்கைகளுக்கு நடுவில் கொஞ்சம் வைத்திருந்துவிட்டுத் தின்றால் உடம்புக்கு நல்லதாம். அவளும் அப்படியே செய்தாள். இரண்டு தின்றாள். சாயங்காலம் வரை வாந்தி வரவில்லை.

"நம்ம சமோசா மாதிரி இருக்கே. இது அவங்க ஊர்லயே உண்டானதா, கேளுங்க," என்றாள்.

கேட்டேன். அவர் சிரித்தார். "பேர் சீனாக்காரன் கொடுத்தது. மாவும் அவன் ஒட்டகத்தில் வந்தது. கறி எங்களுடையது."

அவர் ஊரில் விவசாயம் குறைவாம். ஆடு, தோல், ரோமம் கொடுத்துத்தான் மாவு வாங்குவார்களாம். கோடையில் குதிரைப் பந்தயமும் மல்யுத்தமுமாக ஒரு திருவிழா நடக்கும். அன்று எல்லாரும் இதைத்தான் தின்பார்களாம். அதைப் பார்த்து எட்டு வருஷம் ஆயிற்று என்றார். வருத்தப்பட்டுச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

பிறகு மனைவியே செய்துகொண்டாள். ஐந்தாம் மாதம் மசக்கை விட்டது. அன்றே சோற்றுக்குக் காரமாகப் புளியாணம் கேட்டாள். ஹூஷூரை மறந்தும் போனாள்.

பெண் குழந்தை பிறந்தது. ஒரு வாரம் கடை திறக்கவில்லை. பிறகு அவரிடம் சொல்ல லாயத்துக்குப் போனேன். குதிரைகளோடு பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார், போகுமுன் இரண்டு தடவை உங்கள் கடைக்கு வந்து பார்த்தார் என்றார்கள்.