இருபத்து நான்கு மாதக் கேரண்டி

2023 ஜூன் 14, புதன்கிழமை. காலை மணி 6.20. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இரவெல்லாம் அடித்துவிட்டு, தூறலாக நின்றிருந்தது. கார் கண்ணாடியில் நீர்ப்புள்ளிகள். சாவியைத் திருப்பினேன். டக், டக், டக் என்று மூன்று முறை சத்தம் வந்தது. நான்காவது முறை அதுவும் இல்லை.

மனைவி முன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டும் மாட்டியிருந்தாள். மடியில் துணிப்பை. அதில் ஒரு போர்வை, ஒரு பிஸ்கட் பொட்டலம், ஆஸ்பத்திரி ஃபைல். திங்கள், புதன், சனி மூன்று நாளும் ஏழரை மணிக்கு அவளுக்கு டயாலிசிஸ். கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து கோவை ஆஸ்பத்திரிக்கு இருபத்து நான்கு கிலோமீட்டர். ஏழரைக்குள் போகாவிட்டால் அந்தப் படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

குற்றம் என்னுடையதுதான். பேட்டரிக்கு ஐந்து வருடம் இரண்டு மாதம் ஆகியிருந்தது. பத்து நாளாகவே ஹாரன் சளி பிடித்த மாதிரி கூவியது. காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றியது. முனைகளில் பூத்திருந்த பச்சை வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, வாஸ்லின் தடவி, இன்னும் நான்கு மாதம் ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஒரு பஞ்சாலையின் டைம் ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று குறித்தே பிழைத்தவனுக்கு, ஒரு பொருளை அதன் காலம் முடியும்வரை பயன்படுத்தாமல் தூக்கிப்போட மனம் வராது.

எதிரிலிருந்த தறிக் குடோனுக்குப் பாவு நூல் ஏற்ற வந்திருந்த டெம்போக்காரர்தான் காப்பாற்றினார். தன் வண்டி பேட்டரியிலிருந்து இரண்டு வயர் போட்டுக் கொடுத்தார். வழியில் எங்கேயும் அணைத்துவிட வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். 7.26க்கு ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கினேன். நான்கு நிமிடம் மிச்சம்.

அவள் உள்ளே இருந்த நான்கு மணி நேரத்தில் நான் போய்ப் புது பேட்டரி வாங்கியிருக்கலாம். இருபத்து நான்கு கிலோமீட்டர் ஓடியதில் கொஞ்சம் சார்ஜ் ஏறியிருக்கும், வீடு போய்ச் சேர அது போதும் என்று கணக்குப் போட்டு, வழக்கமான பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கணக்கும் தப்பு. பகல் பன்னிரண்டுக்கு அவளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து காரில் ஏற்றியபோது மறுபடி அதே டக், டக். வாட்ச்மேனும் இரண்டு ஆம்புலன்ஸ் டிரைவர்களும் சேர்ந்து தள்ளினார்கள். அவள் உள்ளே உட்கார்ந்திருக்க, முதுகைக் கொடுத்துத் தள்ளினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அவள் அவர்களைத் திரும்பிப் பார்த்து, “பாவமுங்க அவுங்க” என்று மட்டும் சொன்னாள்.

அவிநாசி சாலையில், நீலாம்பூருக்கு முன்னால், ஒரு பேட்டரிக் கடையில் நிறுத்தினேன். டயாலிசிஸ் முடிந்தால் அவள் கசக்கிப்போட்ட துணி மாதிரி ஆகிவிடுவாள். என்ஜினை அணைத்ததும் ஏசி நின்றுவிட்டதால் கண்ணாடியை இறக்கி, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இடது கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டு. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், பேச்சுக் குறைவில்லாதவர். பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது போய்ச் சேர்ந்து ரொம்ப நாள் ஆச்சு, நீங்கதான் விடாமப் புடிச்சு வெச்சிருக்கீங்க என்றார். பிறகு கேட்டார்:

“ரெண்டு ரகம் இருக்குதுங்கய்யா. இருபத்து நாலு மாசம் கேரண்டி ஒண்ணு, அம்பத்தஞ்சு மாசம் ஒண்ணு. எதைப் போடட்டுங்க?”

விலை கேட்டேன். பழைய பேட்டரிக்கு எழுநூறு கழித்து, சின்னது மூவாயிரத்து ஐந்நூறு. பெரியது ஐயாயிரம்.

“இருபத்து நாலே போதுங்க. அதுக்கு மேல வெச்சுட்டு என்ன பண்றது?” என்றேன்.

ஒரு நொடி கூட யோசிக்காமல் சொன்னேன். கார் வாங்கியது 2010 செப்டம்பரில், கிராஜுவிட்டிப் பணத்தில். ஆர்.சி. பதினைந்து வருடம். அன்றைய தேதிக்கு இன்னும் இருபத்தேழு மாதம் பாக்கி. அதன்பின் காரைக் கொடுத்துவிடுவதாக முடிவு. கேரண்டிக்கு மேல் மூன்று மாதம் எந்த பேட்டரியும் ஓடும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பதினைந்து நிமிடத்தில் மாட்டிவிட்டார்கள். பேட்டரியைக் கழற்றியதில் டேஷ்போர்டு கடிகாரம் ஒரு மணிக்குப் போயிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரி செய்தேன். அவள் கண் விழித்திருந்தாள். வீடு வரும்வரை பேசவில்லை. அசதி என்று எண்ணிக்கொண்டேன்.

அதன்பின் நான் செய்ததை எழுத எனக்கே கை கூசுகிறது. அது மூடி திறந்து தண்ணீர் ஊற்றுகிற வகை பேட்டரி. ஒவ்வொரு மாதமும் பதினான்காம் தேதி காலையில் பானட்டைத் திறந்து, ஆறு மூடியையும் கழற்றி, டிஸ்டில்டு வாட்டர் குறைந்திருந்தால் ஊற்றி, முனைகளைத் துடைத்து, டயருக்குக் காற்று பார்த்து, கை கழுவிக்கொண்டு உள்ளே வருவேன். வந்து அவளிடம் சொல்வேன். நாற்பத்தெட்டு வருடமாக எதையும் அவளிடம் சொல்லித்தான் பழக்கம். கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது, இன்சூரன்ஸுக்கு எத்தனை நாள் பாக்கி, எல்லாம். அந்த வரிசையில் இதையும் சொன்னேன்.

“மூணு முடிஞ்சுது. இருபத்தொண்ணு இருக்குது.”

“சரிங்க” என்பாள்.

“ஆறு முடிஞ்சுது. பதினெட்டு இருக்குது.”

“சரிங்க.”

இப்படி எட்டு முறை சொல்லியிருக்கிறேன். அவள் எதையும் எண்ணுகிறவள் அல்ல. உப்பைக் கையால் அள்ளிப் போடுவாள், பால்காரர் சொன்ன பாக்கியைக் கேள்வி கேட்காமல் கொடுப்பாள். அந்த எட்டு மாதத்தில் அவள் பீரோவைத் திறந்து பட்டுச் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பெங்களூரிலிருந்து மகள் வரும்போதெல்லாம் இரண்டிரண்டாகக் கொடுத்தனுப்பினாள். பூச்சி அரிக்கிறது என்றாள். நம்பினேன்.

2024 மார்ச் 14, வியாழக்கிழமை. டயாலிசிஸ் இல்லாத நாள். வெயில் ஒன்பது மணிக்கே சுட்டது. நான் உள்ளே வந்தபோது அவள் முறத்தில் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஒம்பது முடிஞ்சுது. பதினஞ்சு இருக்குது” என்றேன்.

அவள் ‘சரிங்க’ சொல்லவில்லை. கையிலிருந்த காயை நாலாகக் கிள்ளிப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

“ஏனுங்க, மாசா மாசம் இதை எங்கிட்ட வந்து சொல்லோணுமாங்க?”

“பேட்டரிக் கணக்குத்தானே அம்மணி.”

“தெரியுமுங்க. அன்னைக்குக் கடையில கண்ணாடிய எறக்கித்தான் வெச்சிருந்தேன்.” அடுத்த காயை எடுத்தாள். “பதினஞ்சு மாசம் தாங்குமோ என்னமோ. நீங்க போட்டா கணக்குத் தப்பாதுங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மழை வருமா வராதா என்று பேசுகிற குரலில் சொன்னாள்.

எனக்குப் புரிய எத்தனை நிமிடம் ஆனது என்று தெரியாது. எண்ணவில்லை. புரிந்ததும் காருக்கு ஓடி, ஆர்.சி. அட்டையை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். தேதியைக் காட்டினேன். பதினைந்து வருடம், இருபத்தேழு மாதம், கேரண்டிக்கு மேல் மூன்று மாதம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எதிரில் தறி ஓடுகிற சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னேன். அவள் அட்டையைத் தூரமாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தாள்.

“சரிங்க. அப்ப காரும் நானும் ஒண்ணாத்தான் போறாப்பல இருக்குது” என்று சொல்லிச் சிரித்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த பேட்டரி வாங்குவதற்கு மூன்று மாதம் முன்னால், டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். இருதயமும் பலவீனமாகிவிட்டது, ரெண்டு வருசம், நல்லாப் பாத்துக்கிட்டா மூணு என்றார். அதை அவளிடம் நான் சொல்லவே இல்லை. நான் சொல்லாமல் விட்ட ஒரே எண் அது. கடைக்காரர் கேட்டபோது என் மனதில் இருந்தது ஆர்.சி.தான் என்று அன்று அவளிடம் கத்தினேன். இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் இரண்டு வருடம் என்பதும் இருபத்து நான்கு மாதம் என்பதும் ஒன்று என்று என்னைப் போன்ற ஒருவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு நொடி கூட யோசிக்காமல் சொன்னேனே, அந்த நொடிக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை, மார்ச் 16, டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது அதே கடையில் நிறுத்தினேன். அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். கடைக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்தார். 12.6 வோல்ட்.

“கல்லு மாதிரி இருக்குதுங்கய்யா. இதை எதுக்குங்க மாத்தறீங்க?”

“மாத்தோணும். அம்பத்தஞ்சு போடுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். விலை இருநூறு ஏறி, பழையதைக் கழிக்காமல் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் ஆகியிருந்தது. பழையதை நல்ல பேட்டரி என்பதால் ஆயிரத்து நானூற்று ஐம்பதுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அப்போது அவள் காருக்குள்ளிருந்து கூப்பிட்டாள். போனேன். கடைக்காரரும் ஸ்பேனரோடு பின்னால் வந்து நின்றார்.

“ஏனுங்க, இது எனக்காவுங்களா?” என்றாள்.

ஆமாம் என்று சொல்லத்தான் நின்றிருந்தேன். அதற்காகத்தான் இரண்டு நாள் தூங்காமல் கிடந்து அங்கே வந்தது. மூன்றாம் மனிதர் ஸ்பேனரோடு நிற்கிறார். வாயில் வந்தது வேறு.

“காருக்குத்தான்” என்றேன்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் எண்ணுவதைப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையால் எண்ண முடியாமல், வலது கை விரல்களிலேயே திரும்பத் திரும்ப எண்ணினாள்.

“நாலு வருசம் ஏழு மாசம். அத்தன நாளைக்கு உங்களுக்குக் கண்ணு தெரியோணுமே.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், டோல்கேட் தாண்டியதும், சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். “இனி மாசா மாசம் சொல்லாதீங்க. அம்பத்தஞ்சு வரைக்கும் எண்ண எனக்குத் தெம்பில்லீங்க.”

சொல்லவில்லை. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து பேசாமல் பேப்பரை எடுத்துக்கொண்டேன். அவள் என்னை நம்பினாளா என்று கேட்கவும் இல்லை. கேட்டால் ‘சரிங்க’ என்றுதான் சொல்லியிருப்பாள்.

அந்த பேட்டரியில் நாற்பத்தாறு முறை டயாலிசிஸுக்குப் போய்வந்தோம். ஒரு முறை கூடத் தகராறு செய்யவில்லை. ஜூலை 3, புதன்கிழமை, அவளுக்கு விடிவதற்குள் மூச்சு வாங்கியது. 5.50க்குக் கிளம்பினோம். கார் ஒரே சுற்றில் எடுத்தது. 6.25க்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். 8.10க்கு எல்லாம் முடிந்துவிட்டது. முதல் பேட்டரி வாங்கி பன்னிரண்டு மாதம் பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. டாக்டர் கணக்கும் தப்பு, என் கணக்கும் தப்பு.

காரைக் கொடுத்துவிடச் சொல்லி மகள் ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் சொல்கிறாள். ஓடாமல் நின்றால் எந்த பேட்டரியும் செத்துவிடும் என்பதால், திங்கள், புதன், சனி மூன்று நாளும் காலை 6.20க்கு ஸ்டார்ட் செய்து பதினைந்து நிமிடம் ஓடவிடுகிறேன். முன் இருக்கையின் பெல்ட் மாட்டாமலே தொங்குகிறது. சென்ற வருடம் செப்டம்பரில் ஆர்.சி. முடிந்தபோது, பெயின்ட் அடித்து, பிரேக் பார்த்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டு வந்தேன். இந்த வயதில் எதற்கு என்று மகள் அழுதாள். பேட்டரிக்கு 2028 அக்டோபர் வரை கேரண்டி இருக்கிறது என்றேன். ஆர்.சி. புதுப்பிக்க ஆன செலவைக் கீழே உள்ள கணக்கில் சேர்க்கவில்லை.

முதல் பேட்டரி ரூ. 3,500. இரண்டாவது, பழையது போக, ரூ. 4,450. ஆக ரூ. 7,950. 2023 ஜூன் 14 அன்று, அவள் கண்ணாடியை இறக்கிக் கண்ணை மூடியிருந்தபோது, பெரியதையே போடுங்கள் என்று சொல்லியிருந்தால் ஐயாயிரத்தோடு முடிந்திருக்கும். நான் சொன்ன அந்த ஒரு பேச்சுக்கு ஆன செலவு ரூ. 2,950.