சூடேறினால்தான் பிடிக்கும் பிரேக்

இசபெல்லாவின் கார்ப் பைத்தியம் நல்லம்பள்ளியில் அவள் தெருவுக்கே தெரியும். தருமபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. வாரம் முழுக்க ஊசியும் குழாயுமாகக் கழியும். விடுப்பு கிடைத்தால், தன் பழைய சிவப்பு ஸ்விஃப்டை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பந்தயத் தடத்துக்குக் கிளம்பிவிடுவாள். அங்கே 'ட்ராக் டே' என்று சில நாட்கள் விடுவார்கள். போட்டி கிடையாது. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அவரவர் சொந்தக் காரை ஆசை தீர விரட்டலாம்.

கணவன் டேவிட்ராஜ் ஆம்புலன்ஸ் ஓட்டுபவன். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் போன லாரிகளுக்குள்ளிருந்து ஆட்களை வெளியே எடுத்தவன். மனைவியைப் போகாதே என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் கிளம்பும் நாளில் மட்டும் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

போன முறை தடத்தில் அவளுக்கு ஒன்று நடந்தது. நீண்ட நேர்சாலையின் முடிவில் வளைவு. எப்போதும் மிதிக்கும் இடத்தில்தான் மிதித்தாள். பெடல் கல் மாதிரி நின்றது, வண்டி நிற்கவில்லை. தீய்ந்த வாடை மூக்கில் ஏற, கார் வளைவைத் தாண்டிச் சரளைக்குள் புகுந்து புழுதியோடு நின்றது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

தடத்தில் பழக்கமான ஓசூர்க்காரன் கதிரவன் சக்கரத்தின் இடுக்கில், வட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடை எட்டிப் பார்த்தான். "கம்பெனி பேடு ரோட்டுக்குத்தாங்க்கா. இந்தச் சூட்டுக்குத் தாங்காது. ரேஸ் பேடு போடுங்க, எத்தன சுத்து அடிச்சாலும் அப்படியே புடிக்கும்."

அவளும் வாங்கினாள். சனிக்கிழமை சாயங்காலம் மாட்டி, பைபாஸ் சாலையில் வேகமெடுப்பதும் பிரேக்கை அழுத்துவதுமாகப் பதப்படுத்தினாள். சூடேறியதும், கால் பட்ட மாத்திரத்தில் வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டது. இனி பயமில்லை என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் பூசைக்குப் போக மாமியார் சகாயராணி பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். டேவிட்ராஜ் பக்கத்தில். மார்கழிக் குளிர், சாலையெல்லாம் பனி. வேகமாகக்கூட அவள் போகவில்லை. முன்னால் தக்காளிக் கூடை ஏற்றிய ஒரு குட்டி வேன். ஏதோ குறுக்கே வந்திருக்க வேண்டும், அது சட்டென்று நின்றது.

இசபெல்லா மிதித்தாள். கார் காதில் வாங்கவே இல்லை.

முழுக் காலையும் ஊன்றி அழுத்தினாள். சக்கரத்திலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்ததே தவிர வேகம் குறைந்தபாடில்லை. வேனின் பின்கதவு இவள் முன்கண்ணாடி முழுக்க நிறைந்தது. "ஏசுவே!" என்று பின்னால் மாமியார் அலறினார். அவள் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தாள். வேனின் மூலையில் பக்கவாட்டுக் கண்ணாடி மோதித் தெறித்தது. கார் மண்ணில் இறங்கி, ஒரு புளியமரத்தை உரசுகிற மாதிரி போய் நின்றது.

வேன்காரர் இறங்கி ஓடிவந்தார். "என்னம்மா, பிரேக்கே அடிக்கலயா?"

"அடிச்சேங்க," என்றாள்.

டேவிட்ராஜ் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் இவளைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. சாவியை வாங்கிக்கொண்டு, இரண்டாவது கியரிலேயே வண்டியை உருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

வாசலில் ஜாக்கி போட்டு, அன்றைக்கே அந்தப் பேடுகளை அவள் கழற்றினாள். நேற்று அப்படிப் பிடித்தது இன்று ஏன் பிடிக்கவில்லை என்று இப்போதுதான் உறைத்தது. சூட்டில் வேலை செய்யப் பிறந்த பொருள் அது. குளிர்ந்த காலையில் அதற்கு உயிரே இல்லை.

"இத தூக்கிப்போடல," என்றாள். "ரோட்டுக்குப் பழைய பேடு, ட்ராக்குல போயி இது. அங்கியே நானே மாத்திக்குவேங்க."

டேவிட்ராஜ் பக்கத்தில் குந்தினான். "போறப்ப சரி. நாளெல்லாம் ஓட்டிக் களைச்சுட்டு, வூட்டுக்கு வந்தாப் போதும்னு இருக்கும் பாரு, அப்ப மறுபடி கழட்டுவியா? ஒரு நாளு, இப்படியே போயிரலாம்னு தோணும். அந்த ஒரு நாள நெனச்சாத்தான் எனக்குக் கொல நடுங்குது."

தோணும். அவளுக்கே தெரியும்.

யார் யாரையோ விசாரித்து, இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். குளிரிலேயே பிடிக்கும், கம்பெனி பேடைவிடச் சூடு தாங்கும், ஆனால் ரேஸ் பேடு அளவுக்குத் தாங்காது. பிரேக் ஆயிலையும் புதிதாக மாற்றினாள். பிறகு விடியற்காலைப் பனியில், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது, மிதித்து மிதித்துப் பார்த்தாள். முதல் மிதியிலேயே நின்றது.

அடுத்த ட்ராக் டேக்கு டேவிட்ராஜும் கூட வந்தான். தொப்பூர் இறக்கம் முழுக்க, அவன் வலது கால் மட்டும், இல்லாத பெடலை மிதித்தபடியே வந்தது. தடத்தில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

முதல் சில சுற்றுகள் பிரமாதமாகப் போயின. கதிரவனின் காரைத் துரத்தி, வளைவில் அவன் வாலைத் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டாள். அடுத்த சுற்றில் தாண்டிவிடலாம். அப்போது நேர்சாலை முடிவில் மிதித்தாள். நின்றது, ஆனால் கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டியிருந்தது. மிகக் கொஞ்சம். காலுக்கு மட்டும் தெரிகிற அளவு.

கதிரவனின் பின்விளக்கு கண்ணெதிரே. கால் ஆசைப்பட்டது. இன்னும் ஒரே ஒரு சுற்று.

அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். மெதுவாக ஒரு சுற்று வந்து பிரேக்கை ஆறவிட்டு, வண்டியைத் தடத்தை விட்டு ஓரங்கட்டினாள். ஹெல்மெட்டைக் கழற்றியபோது கண்ணில் தண்ணீர். தாண்டியிருக்கலாம் என்கிற ஆத்திரம்தான்.

டேவிட்ராஜ் தண்ணீர் பாட்டிலோடு வந்தான். "ஏன் நிறுத்திட்ட? நல்லாத்தான ஓட்டிட்டிருந்த?"

"பிரேக்கு கெஞ்ச ஆரம்பிச்சிருச்சுங்க."

அவன் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோய், அனல் தாங்காமல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பிறகு அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, காலையில் கட்டிவந்த புளிச்சோற்றைப் பிரித்தான்.

"ஆறட்டும்," என்றான். "மத்தியானம் இன்னொருக்கா போவயில்ல?"