ஜவுளிக்கடை வீட்டுப் பழைய சேலை

அப்பாவுக்குப் பாளையங்கோட்டைக் கடைவீதியில் ஜவுளிக்கடை இருந்தது. அதனால் மற்ற வீடுகளுக்கு டிசம்பர் கடைசியில் வருகிற கிறிஸ்துமஸ், எங்கள் வீட்டுக்குக் கார்த்திகை பிறந்ததுமே மாட்டுவண்டியில் வந்து இறங்கிவிடும். தூத்துக்குடியிலிருந்து வரும் சீமைத்துணி மூட்டைகள் கடையில் இடமில்லாமல் வீட்டுக் கூடத்தையும் அடைத்துக்கொள்ளும். நானும் தம்பியும் அவற்றின் மேல்தான் ஏறிப் படுப்போம். சாக்கு வாடையும் புதுத்துணியின் கஞ்சி வாடையும் கலந்த அந்த மணம்தான் பாலன் பிறப்பின் மணம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பண்டிகை நெருங்க நெருங்க அப்பாவுக்குத் தொண்டை கட்டிப்போகும். அம்மா அடுப்படியை விட்டு எழமாட்டாள். வீட்டுக்கு மட்டுமல்ல, கடைக்கு வருகிற பெரிய வாடிக்கைக்காரர்களுக்கும் முறுக்கும் முந்திரிக்கொத்தும் அவள்தான் சுட்டாக வேண்டும். கடைசியில் பண்டிகை அன்று விடியற்கால ஆராதனையில் குருவானவர் பிரசங்கத்தைத் தொடங்கியதும் அப்பா தூங்கிவிடுவார். அம்மாவும் தூங்குவாள். முக்காடு போட்டிருப்பதால் வெளியே தெரியாது.

எனக்கு எட்டு வயதான வருடம், ரோஜா நிறத்தில் சின்னச் சின்னப் பூப்போட்ட சீட்டித் துணி ஒன்று மூட்டையிலிருந்து வெளியே வந்தது. அதில்தான் எனக்குப் பாவாடை என்று நானே முடிவு செய்து, தெருப் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டேன். அன்று ராச்சாப்பாட்டின்போது அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“இந்த வருசம் நம்ம வீட்டுல யாருக்கும் புதுத்துணி வேண்டாம். பலகாரம், காயிதக்கூண்டு வெளக்கு, பிஸ்கோத்து டப்பா ஒண்ணும் வேண்டாம்.”

அப்பா கையை இலையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். “என்ன கோவம் ஒனக்கு?”

“கோவம் இல்ல. மாட்டுக்கொட்டில் முன்னணையில வைக்கோல்ல கெடந்த பிள்ளை பேரச் சொல்லி வண்டி வண்டியா துணி இறக்குதோம். ஊரே கடைத்தெருவுல நிக்கி. எனக்கு மனசு ஒப்பல.”

“அந்தப் பேரச் சொல்லித்தான நாம சோறு திங்கோம்!”

“விக்க வேண்டாம்னு நான் சொல்லலியே. கேக்கவங்களுக்குக் குடுங்க. நம்ம வீட்டுல வேண்டாம். ஒரு வருசமாவது நான் கோயில்ல முழிச்சிருக்கணும்.”

வேண்டாம் என்கிறவருக்கு இன்னும் உசந்த சரக்கை எடுத்துக் காட்டுவதுதான் அப்பாவுக்குத் தெரிந்த வைத்தியம். மறுநாள் நீலப் பட்டு ஒன்று கொண்டுவந்தார். அதற்கடுத்து, அகலச் சரிகை போட்டது. அம்மா ஒவ்வொன்றையும் விரித்து, கரையைத் தடவிப் பார்த்து, “நல்லாருக்கு, சீக்கிரம் வித்துப்போயிரும்” என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். நான் அழுது பார்த்தேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். பசிதான் வந்தது.

அப்பாவின் உண்மையான பயம் பிறகுதான் வெளிவந்தது.

“ஜவுளிக்கடைக்காரன் பொண்டாட்டி பழைய சேலையில கோயிலுக்குப் போனா ஊரு என்ன சொல்லும்? கடை முங்கிட்டுன்னு சொல்லும். அதக் கேட்டு தூத்துக்குடிக்காரன் சரக்க நிறுத்திட்டான்னா?”

“அப்ப நீங்க மட்டும் புதுசு கட்டிக்கிடுங்க” என்றாள் அம்மா.

அது அவரால் முடியவில்லை. கிறிஸ்துமஸ் விடியலில் துவைத்து மடித்த பழைய வேட்டியோடு, கோர்ட்டில் வாய்தா கேட்கப் போகிறவர் முகத்தோடு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

கோயிலுக்குள் நாங்கள் நுழைந்ததும் முக்காடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அம்மா நாங்கள் வழக்கமாக உட்காரும் முன்வரிசைப் பாய்வரை போகவில்லை. வாசலருகே கடைசிப் பாயிலேயே உட்கார்ந்தாள். அந்தப் பாயில் மூலையில் சாயம் போன சேலையில் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். இடம் ஏராளமாக இருந்தும் அவள் இன்னும் ஒதுங்கி அமர்ந்தாள். அம்மா அவள் பக்கம் நகர்ந்து, தன் பாட்டுப் புத்தகத்தை இருவருக்கும் பொதுவாகப் பிடித்துக்கொண்டு பாடினாள். அம்மாவுக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கோ முன்னால் இருந்த பிள்ளைகளின் புதுப் பாவாடைகளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

வீட்டுக்கு வந்தால் செய்ய வேலையில்லை. அப்பா கூடத்தில் இரண்டு நடை நடந்தார். திடீரென்று கடை வண்டியைப் பூட்டச் சொன்னார். சோறும் புளிக்குழம்பும் சுட்ட கருவாடுமாகத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். மழை ஓய்ந்து, தாமிரபரணி தெளிந்து ஓடியது. அப்பாவுக்கு நீந்தத் தெரியும் என்பதே எங்களுக்குத் தெரியாது. மூச்சடக்கி உள்ளே போய், தம்பியின் காலைப் பிடித்து இழுத்துவிட்டு மறுபக்கம் எழுந்தார். அம்மா கரைக்கல்லில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு சிரித்தாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்த முதல் கிறிஸ்துமஸ் அது. எப்போது பாவாடையை மறந்தேன் என்று தெரியவில்லை.

மத்தியானம் இன்னொரு வண்டி வந்து நின்றது. மேலப்பாளையத்து சாயபு மாமா இறங்கினார். அப்பாவின் கடைக்குக் கைத்தறிப் புடவை தருகிறவர். அவர் வேர்த்து விறுவிறுத்திருந்தார்.

“என்ன வே இது! கடை முங்கிட்டுன்னு ஊரே பேசுது. பதறிப்போயி வீட்டுக்கு ஓடுனா, நீரு ஆத்துல முங்கிக்கிட்டுக் கெடக்கீரு!”

அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி அம்மாவைக் கைகாட்டினார். “எல்லாம் உம்ம தங்கச்சி செஞ்ச வேலை. அவகிட்டயே கேளும்.”

அம்மா எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னாள். மாமா தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“அல்லா, இவ்வளவுதானா! நல்ல காரியந்தான் தாயி. தூத்துக்குடிக்காரன் கேட்டா நான் சொல்லுதேன். எங்க பெருநாளைக்கி மட்டும் இந்தப் புத்தி யாருக்கும் வந்துரக்கூடாது. எங்க தறி நின்னுரும்.”

அப்பா சிரித்த சிரிப்பில் அக்கரைக் கொக்குகள் எழும்பின. மாமாவும் எங்களோடு இலையில் உட்கார்ந்து கருவாட்டை ஒரு கை பார்த்தார்.

கடை முங்கவில்லை. அடுத்த கார்த்திகையிலும் மூட்டைகள் வந்தன. அப்பா வழக்கம்போல் தொண்டை கட்ட விற்றார், ஆனால் வீட்டில் பட்டு எதையும் விரித்துக் காட்டவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கும் அம்மா பழைய சேலையில் போய் வாசலருகேதான் உட்கார்ந்தாள். இந்தத் தடவை பாய் போதவில்லை. துவைத்துத் துவைத்து நிறம் போன சேலைகளில் பெண்கள் பிள்ளைகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எந்தக் கிறிஸ்துமஸிலும் நான் பார்த்திராத முகங்கள்.

“இவங்கெல்லாம் எந்த ஊரும்மா?” என்று காதோடு கேட்டேன்.

“எல்லாம் நம்ம ஊருதான், பைய பேசு” என்றாள் அம்மா.

நான் நம்பவில்லை. இத்தனை பேர் வெளியூரிலிருந்து தேடி வரும் அளவுக்கு எங்கள் கோயில் பெயர் பெற்றுவிட்டது என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.