கடிகாரத்துக்குக் கீழே ஒரு நாற்காலி

பத்ரிநாத்துக்குச் சாமி உண்டு, பூஜை உண்டு. ஆனால் ராசி, சகுனம் என்று யாராவது வாயைத் திறந்தால் கெட்ட கோபம் வரும். சிஞ்ச்வட்டில் கார்களுக்கு ஷாஃப்ட் செய்யும் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக அவன் தரக்கட்டுப்பாடு, நான் கிரைண்டிங்.

மணிக்கொரு தடவை ஐந்து ஷாஃப்டை அளந்து தாளில் புள்ளி வைப்பான். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே புள்ளி ஏறினாலும் இறங்கினாலும் மெஷினைத் தொடக் கூடாது. அது பாட்டுக்கு ஏறும், அது பாட்டுக்கு இறங்கும், தனியாகக் காரணம் தேடாதே என்பான். எனக்கோ கை சும்மா இருக்காது. புள்ளி கொஞ்சம் இறங்கினாலே திருகைத் திருப்பிவிடுவேன். "ஹாத் லாவூ நகோ!" என்று மராத்தியில் கத்துவான். கை வைக்காதே. ஆபரேட்டர்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயரே அதுதான்.

போன ஜூலையில் அவன் மனைவி நீலாவுக்கு ரத்தத்தில் தட்டணுக்கள் குறைய ஆரம்பித்தன. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்து கொடுத்தாகிவிட்டது, இனி காத்திருக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். செவ்வாயும் வெள்ளியும் ரத்தம் எடுப்பார்கள். ரிப்போர்ட் வரும்வரை பத்ரி கீழே ஹாலில் உட்கார்ந்திருப்பான். பழக்கதோஷம், அந்த எண்ணிக்கையையும் மேலே கீழே கோடு போட்டுப் புள்ளி வைத்தான்.

அங்கேதான் வினை பிடித்தது. எண்ணிக்கை கூடிய நான்கு நாளும் தான் கடிகாரத்துக்குக் கீழே இருக்கும் கிழிந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததாகக் கண்டுபிடித்தான். அதில் உட்கார்ந்தும் ஒரு தடவை குறைந்தது. நடுவில் டீ குடிக்க எழுந்து போனதுதான் காரணமாம். அதிலிருந்து டீயும் கிடையாது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். அந்த நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், மடியில் டிபன் பை. பத்ரி நேரே போய்க் கையைக் கூப்பி, "காகா, கொஞ்சம் அந்தப் பக்கம் உட்காருவீங்களா?" என்று மராத்தியில் கேட்டான். ஹாலில் முப்பது நாற்காலி காலி. அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மகள் மேலே கிடக்கிறாள், இதில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு ஜுரம் இறங்கியது, மன்னிக்க வேண்டும் என்றார். இவன் விலகி வந்தான். மூன்று மணி நேரம் சுவரோரம் நின்றான்.

பதினெட்டாயிரம் என்று ரிப்போர்ட் வந்தது. போன தடவை இருபத்தேழாயிரம்.

"அவரை எழுப்பியிருக்கணும்டா, ஜெபா. கால்ல விழுந்தாவது எழுப்பியிருக்கணும்."

வந்த ஆத்திரத்தில் அவன் சட்டைப்பையிலிருந்த தாளைப் பிடுங்கி விரித்தேன். "இத்தனை வருசமா என் கழுத்தை அறுத்தியே, இதைப் பாருலே. எல்லாப் புள்ளியும் ரெண்டு கோட்டுக்குள்ளதான் கெடக்கு. நாற்காலி என்னலே செய்யும்? ஹாத் லாவூ நகோ!"

அவன் தாளைப் பார்க்கவில்லை. "உன்னைவிட எனக்கு நன்னாவே தெரியும்டா. நாற்காலிதான் காரணம்னா தப்பு என்னோடது. செவ்வாக்கிழமை சீக்கிரம் வந்து சரி பண்ணிடலாம். நாற்காலி இல்லேன்னா, அவளுக்கு நான் என்னதான் பண்றேன்? நான் பண்றதுக்கு அங்க என்ன இருக்கு, சொல்லு."

தாளை மடித்து அவன் சட்டைப்பையிலேயே வைத்தேன். இருந்த ஒன்றையும் பிடுங்கி அவனை வெறுங்கையோடு அனுப்பப் பார்த்தேனே என்று வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டர் அவனை மேலே நீலா பக்கத்தில் இருக்கச் சொல்லியிருந்தார். என்னை யாரும் கேட்கவில்லை. நானேதான் கசார்வாடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, ஆறரைக்கெல்லாம் போய் அந்தக் கிழிந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் வேதக்காரன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். சகுனம் கிகுனம் எதுவும் நம்பாதவன்.

ஏழு மணிக்குப் பெரியவர் டிபன் பையோடு வந்தார். என் எதிரே நின்று கையைக் கூப்பினார். ராத்திரி மகளுக்கு மறுபடி ஜுரம் ஏறிவிட்டது என்றார்.

ஹாலில் நாங்கள் இரண்டே பேர். தலையைக் குனிந்துகொண்டேன். எழுந்திருக்கவில்லை.